பழைய ஸ்டூலின் விலையும் உட்காரும் உரிமையும்

(ராயபுரத்தில் இளைஞர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டுக்குள் சாதி எப்படி இயங்குகிறது என்று பேசச் சொன்னார்கள். சமையல், தண்ணீர், கல்யாணம் பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்றைக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். மர ஸ்டூல். சில ஊர்களில் நாலு கால் இருந்தாலும் அதை முக்காலி என்றுதான் சொல்வார்கள்.

இப்போது பழைய மர ஸ்டூலுக்கு ஒரு மவுசு வந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் பழைய மரச்சாமான் கடைகளைப் பார்க்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு இந்த வியாபாரத்துக்கே பேர்போனது. ஃபோனில் தேடினால் 'ரஸ்டிக்', 'வின்டேஜ்', 'ஆன்டிக்' என்று வரிசையாக வரும். பலகை வெடித்திருந்தாலும் ஓரம் தேய்ந்திருந்தாலும் விலை குறையாது. சொல்லப்போனால் அந்த வெடிப்புக்கும் தேய்மானத்துக்கும்தான் விலையே. பழையது கிடைக்காவிட்டால் புது மரத்தைச் சங்கிலியால் அடித்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சாயம் ஏற்றிப் பழசாக்கி விற்கிறார்கள். வாங்கிப் போகிறவர்கள் அதன்மேல் செடித் தொட்டி வைக்கிறார்கள். சோபா பக்கத்தில் போட்டு இரண்டு புத்தகம் அடுக்குகிறார்கள். பெரும்பாலும் யாரும் அதில் உட்காருவதில்லை.

இதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கையால் இழைத்த பழைய மரச்சாமான் அழகானதுதான். அழகை ரசிப்பது மேட்டுக்குடிக்கு மட்டும் உரிய வேலை என்று நாம் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். என் கேள்வி வேறு. தேய்ந்த பலகைக்குக் காசு கொடுக்கிறோமே, அது யார் உட்கார்ந்து தேய்ந்தது? யாரை அதில் உட்காரவே விடவில்லை? இந்த இரண்டையும் கேட்காமல் 'நம் பாரம்பரியம்' என்று அதைக் கொண்டாட முடியுமா?

உயரத்தில் இருக்கும் சாதி

தமிழில் உட்காரும் இடத்துக்கு எத்தனை பெயர் இருக்கிறது பாருங்கள். தரை, கோணி, பாய், மணை, முக்காலி, பெஞ்சு, திண்ணை, கட்டில், நாற்காலி. பொருள்களின் பட்டியல் மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரு பழைய பண்ணையார் வீட்டில் இது ஆட்களின் பட்டியல். யார் கட்டிலில், யார் திண்ணையில், யார் திண்ணைக்குக் கீழே, யார் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே பேச வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

இது ஏதோ ஊர்ப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். சட்டமாகவே எழுதி வைத்தார்கள். மனுஸ்மிருதி எட்டாம் அத்தியாயம், 281ஆம் சுலோகத்தைப் படித்துப் பாருங்கள். மேல்வருணத்தானோடு ஒரே ஆசனத்தில் உட்கார முயலும் கீழ்ப்பிறப்பாளனுக்கு இடுப்பில் சூடு போட்டு நாடு கடத்த வேண்டும் அல்லது புட்டத்தை அறுக்க வேண்டும் என்கிறது. தண்டனை எந்த உறுப்புக்கு என்று கவனியுங்கள். உட்கார்ந்த உறுப்புக்கே தண்டனை. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அந்த நூலைப் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் எரித்ததற்கு இப்படிப் பல காரணங்கள் இருந்தன.

அவருக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் தமிழில் படிக்கிற அவருடைய தன்வரலாற்றுக் குறிப்பில் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிச் சொல்கிறார். வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு அவர் உட்கார முடியாது. ஒரு மூலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணித்துணியில் உட்கார வேண்டும். பள்ளியைப் பெருக்குகிற வேலையாள் அந்தக் கோணியைத் தொட மாட்டார். அதனால் சாயங்காலம் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவர் பள்ளிக்குத் தன் இருக்கையைத் தானே சுமந்து போனவர்.

இந்த வரிசையில் ஸ்டூலுக்கு ஒரு தனி இடம் உண்டு. தரையில் உட்கார வைக்க முடியாது, நாற்காலி கொடுக்கவும் மனம் வராது. அப்படிப்பட்ட ஆளுக்காக உள்ளேயிருந்து வருவது ஸ்டூல். ஒரு தலித் ஆசிரியரோ கிராம நிர்வாக அலுவலரோ ஊர்ப் பெரியவர் வீட்டுக்கு வந்தால் ஸ்டூலை எடுத்துப் போடுவார்கள். மரியாதை கொடுத்தது மாதிரியும் இருக்கும், இடத்தைக் காட்டியது மாதிரியும் இருக்கும். அவர் போன பிறகு அதன்மேல் தண்ணீர் தெளித்துக் கழுவி வைத்த கதைகளையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குவளையோடு சேர்ந்தே தனி பெஞ்சும் இருந்தது. பெஞ்சு இல்லாத இடத்தில் தரை இருந்தது.

பழைய கதை என்பீர்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு படம் வெளியானது. கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி சரவணகுமார் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலித் பெண் அவர். படம் பரவிய பிறகுதான் வழக்குப் பதிவானது. 2023இல் வந்த 'மாமன்னன்' படத்தில் சட்டமன்ற உறுப்பினரான அப்பா ஆதிக்கச் சாதிக்காரர் முன்னால் உட்காராமல் நின்ற காட்சியைப் பார்த்துச் சிலர் மிகை என்றார்கள். தெற்குத்திட்டைப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியவில்லை.

மரம் வந்த வழி

இனி அந்த ஸ்டூலின் மரத்துக்கு வருவோம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சாமான் என்றால் 'அசல் பர்மா தேக்கு' என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். பர்மாவில் வட்டித் தொழில் செய்த செல்வத்தில் எழுந்த வீடுகள் பல. தேக்கும் அங்கிருந்துதான் கப்பலில் வந்தது.

சென்னையில் கப்பல் சரக்கை இறக்கியவர்கள் யார்? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டப்படும் வரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. ஆணி அடித்த படகு அலை மோதினால் உடையும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அந்தத் தொழில்நுட்பம் இந்தக் கடற்கரை மக்களுடையது. துறைமுகம் வந்த பிறகு மூட்டை தூக்கியவர்களும் இந்தப் பகுதி உழைக்கும் மக்கள்தான். பழம்பொருள் கடையில் பர்மாவின் பெயர் இருக்கிறது, செட்டிநாட்டின் பெயர் இருக்கிறது. கரை சேர்த்தவர்களின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. இழைத்த தச்சரின் பெயரும் இல்லை.

அதே கடல்வழியில் இன்னொரு கூட்டமும் வந்தது. 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கிய பிறகு, அங்கே உழைத்துப் பிழைத்த தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். இன்றைக்கு நாம் அத்தோ சாப்பிடுகிற தள்ளுவண்டிக்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. தேக்கு வந்து அரண்மனை ஆனது. ஆட்கள் வந்து குடிசையில் உட்கார்ந்தார்கள். அரண்மனை உடைந்தபோது அதன் தூணும் கதவும் ஸ்டூலும் பழம்பொருள் ஆயின. குடிசை உடைந்தபோது அதை யாரும் பழம்பொருள் என்று சொல்லவில்லை, ஆக்கிரமிப்பு என்றார்கள்.

பத்துக்குப் பத்தில் ஒரு ஸ்டூல்

சரி, நம் வீட்டு ஸ்டூல் எங்கிருந்து வந்தது? தேக்கிலிருந்து வந்ததில்லை. துறைமுகத்துக்கு வரும் சரக்கோடு மரப்பெட்டிகளும் பேலட் கட்டைகளும் வருகின்றன. சரக்கு போன பிறகு அவை கழிவு. அதைப் பிரித்து, ஆணி பிடுங்கி, இழைத்து ஸ்டூலும் கட்டிலும் அலமாரியும் செய்கிறார்கள். பலகையைத் திருப்பிப் பார்த்தால் சில நேரம் ஒரு முத்திரை தெரியும். கோதுமைக் கதிர் போல ஒரு படம், பக்கத்தில் நாட்டின் குறியீடு, அதோடு 'ஹெச்.டி.' அல்லது 'எம்.பி.' என்று இரண்டு எழுத்து. மரப்பூச்சி நாடு விட்டு நாடு பரவாமல் இருக்க உலக அளவில் வைத்திருக்கும் விதி அது. 'ஹெச்.டி.' என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு அடித்த மரம். இரண்டாவது வகையை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது நல்லது. இதை நம் தெருவில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

இந்த ஸ்டூல் வீட்டில் என்னென்ன வேலை செய்கிறது? விருந்தாளி வந்தால் இருக்கை. மின்விசிறி துடைக்க ஏணி. பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுத மேசை. தண்ணீர் லாரி வந்தால் குடம் வைக்கும் மேடை. சாவு வீட்டில் படம் வைத்து விளக்கேற்றும் பீடம். பத்துக்குப் பத்து அறையில் ஒரு பொருள் ஒரு வேலை மட்டும் செய்ய முடியாது. செடித் தொட்டி தாங்க மட்டும் ஒரு ஸ்டூலை ஒதுக்குவதற்கு முதலில் இடம் வேண்டும். இடம் யாருக்குக் கிடைத்தது என்பதே இந்த நாட்டில் சாதிக் கேள்விதான்.

ஆனால் நம் வீட்டையும் நாம் விட்டுவிடக் கூடாது. இருக்கும் ஒரு ஸ்டூலில் யார் உட்காருகிறார்கள்? பெரும்பாலும் ஆண். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகும் அம்மா அதில் உட்காருவதில்லை. தரையில், அருவாமணை பக்கத்தில்தான் அவருக்கு இடம். காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்களைப் பாருங்கள். விடிகாலையிலிருந்து தாழ்ந்த பலகையில் குந்தியபடி வேலை. நாற்பது வயதில் முட்டி போய்விடுகிறது. வீட்டுக்கு வந்தாலும் அதே உயரத்தில்தான் வேலை. மனு எழுதிய உயரக் கணக்கு பெண்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீனவக் குப்பத்துக்கும் தலித் குடியிருப்புக்கும் நடுவிலும் ஒரு கோடு இருக்கிறது. ஒரே ஆலைப் புகையைச் சுவாசிக்கிறோம், ஒரே லாரிக்குப் பயந்து சாலையைக் கடக்கிறோம். ஆனால் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போனால் எங்கே உட்கார வைக்கப்படுகிறார், எந்தப் பந்தியில் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். அந்தக் கோட்டைப் பேசாமல் 'வடசென்னை மக்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

கறை பிடித்த ஸ்டூல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பகுதி வீடுகளில் ஸ்டூல் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் அதன்மேல் ஏறின. தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. மணலியில் உள்ள சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் எண்ணெய் பரவியது. எர்ணாவூர், காட்டுக்குப்பம் பக்கம் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு விழுந்தது. படகும் வலையும் எண்ணெயில் ஊறின. மீனவர்களே ஆற்றில் இறங்கி மக்குகளால் எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதக் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எண்ணெய்க் கசிவுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாய். கட்டில், பீரோ, ஸ்டூல், பாய், துணி, பாத்திரம், இழந்த நாட்கூலி எல்லாம் அந்த 7,500க்குள் அடக்கம். வெள்ளம் வடிந்த பிறகு தெருவோரத்தில் மரச்சாமான்களைக் குவித்து வைத்திருந்தார்கள். எண்ணெய் குடித்த மரத்தை எத்தனை முறை கழுவினாலும் நாற்றம் போகாது. எடுத்து எரித்தாலும் ஆபத்து.

இங்கேதான் நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு ஸ்டூலில் எண்ணெய்க் கறை பிடித்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடையில் இருந்தால் அது பழமையின் அடையாளம், அதற்கு விலை உண்டு. எர்ணாவூரில் இருந்தால் அது குப்பை, அதற்கு இழப்பீடுகூடத் தனியாக இல்லை. மரத்தின் வயதைப் பார்த்து யாரும் இதை முடிவு செய்வதில்லை. அது யார் வீட்டிலிருந்து வருகிறது என்பதை வைத்தே முடிவாகிறது. பாரம்பரியம் என்ற சொல்லுக்குள்ளும் சாதி இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது.

உட்காரும் உரிமை

அப்படியானால் என்ன செய்வது? பழைய ஸ்டூலை வாங்காதே என்று நான் சொல்லவில்லை. உட்காருவது என்பது எப்போதும் போராடிப் பெற்ற உரிமை என்பதை நினைவில் வைக்கச் சொல்கிறேன்.

இதோ பக்கத்தில் ராயபுரம் ரயில் நிலையம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து புறப்பட்டது. மூன்றாம் வகுப்பு மர பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவரின் சாதியைக் கேட்டு உட்கார முடியாது என்பதே அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. ஆனாலும் ரயில் நிலைய உணவுக்கூடங்களில் பார்ப்பனருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் வைத்துக்கொண்டார்கள். பெரியார் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் அது நீங்கியது. பெஞ்சு பொதுவாகிவிட்டால் சமத்துவம் தானாக வந்துவிடாது. யாராவது போய்க் கேட்க வேண்டும்.

நம் காலத்திலும் கேட்டார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகளில் வேலை செய்த பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு, முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்கார இருக்கை கேட்டார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. சட்டம் வந்துவிட்டது. எம்.சி. ரோட்டுக்கும் தியாகராய நகருக்கும் துணி எடுக்கப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். கடைக்குள் ஊழியருக்கு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். மூலையில் அடுக்கி வைத்த ஸ்டூல் சட்டத்துக்குக் காட்டும் கணக்கு, அவ்வளவுதான். இல்லையென்றால் மேலாளரிடம் கேளுங்கள். தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதுங்கள். நகர்ப்புறக் கடைகளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்களில் நம் அக்கா தங்கைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது அடுக்குமாடிக் குடியிருப்புகள். உங்களில் பலர் படித்து வேலைக்குப் போய் அங்கே வாடகைக்கு இருக்கிறீர்கள். நாளைக்குச் சொந்தமாக வாங்கவும் வாங்குவீர்கள், வாங்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளரும், சமையலறை ஓரத்தில் தனி ஸ்டூலும் வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கிறோம். அந்த ஸ்டூல் எவ்வளவு அழகான பழைய தேக்காக இருந்தாலும் அது இரட்டைக் குவளைதான். அவரைச் சோபாவில் உட்கார வைத்து, நீங்கள் குடிக்கும் டம்ளரில் டீ கொடுங்கள். முதல் நாள் அவரே கூச்சப்படுவார். அந்தக் கூச்சத்தை உண்டாக்க ஆயிரம் வருஷம் ஆகியிருக்கிறது, ஒரு டீயில் போய்விடாது. தினமும் கொடுங்கள்.

ஊராட்சித் தலைவர்களின் நாற்காலியை நாம் விடாமல் கண்காணிக்க வேண்டும். கிராம சபைக் கூட்டம் நடக்கும் நாளில் உங்கள் சொந்த ஊருக்குப் போனால் தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். தரையிலோ ஓரத்திலோ என்றால் அது வன்கொடுமை. அதைச் சொல்ல ஒரு ஃபோன் போதும். தெற்குத்திட்டையில் ஒரு படம்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பழைய ஸ்டூல். எண்ணெய்க்கும் வெள்ளத்துக்கும் தப்பி ஒன்று மிஞ்சியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள். யார் செய்தது, எந்தப் பெட்டி மரம், எந்த வருஷம் எந்த வெள்ளத்தில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்தது என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். செட்டிநாட்டுத் தூணுக்கு வரலாறு உண்டு என்றால் ஹெச்.டி. முத்திரை குத்திய பைன் பலகைக்கும் வரலாறு உண்டு. அதை எழுத வேறு யாரும் வரப்போவதில்லை, நாம்தான் எழுத வேண்டும். எழுதும்போது பாட்டி தரையில் இருந்தால், எழுந்து அந்த ஸ்டூலை அவருக்குக் கொடுங்கள்.